கூட்டம் ஏன் கை கட்டி நிற்கிறது?

நடுரோட்டில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கிறார். சுற்றி முப்பது பேர் நிற்கிறார்கள். யாரும் கிட்டே போகவில்லை. இப்படி ஒரு செய்தியைப் படித்ததும் நம் வாயில் தயாராக ஒரு வாக்கியம் இருக்கிறது: “மனிதாபிமானமே செத்துப்போச்சு.” டீக்கடையிலும் அதைத்தான் சொல்கிறோம், வீட்டிலும் அதைத்தான் சொல்கிறோம். சொல்லி முடித்ததும் விஷயமே முடிந்துவிட்ட மாதிரி இருக்கும். இன்றைக்கு அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிடாமல், கையில் ஒரு டீயை வைத்துக்கொண்டு கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். அங்கே நின்ற முப்பது பேரும் கல்நெஞ்சக்காரர்கள்தானா? உளவியல் ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியை அறுபது ஆண்டுகளாகத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த பதில் நம் வாக்கியத்தோடு ஒத்துப்போகவில்லை.

கதை நியூயார்க்கில் தொடங்குகிறது. 1964 மார்ச் 13, விடிய இன்னும் நேரமிருக்கிறது, மணி மூன்றேகால். குவீன்ஸ் பகுதியில் கியூ கார்டன்ஸ் என்ற அமைதியான குடியிருப்பு. கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண், தான் மேலாளராக இருந்த மதுக்கடையில் வேலை முடித்து வீடு திரும்புகிறார். காரை நிறுத்திவிட்டு நடந்து வரும்போது வின்ஸ்டன் மோஸ்லி என்பவன் துரத்திவந்து முதுகில் கத்தியால் குத்துகிறான். அவர் அலறுகிறார். மேலே ஒரு ஜன்னலிலிருந்து ஒருவர், அந்தப் பெண்ணை விட்டுவிடச் சொல்லிச் சத்தம் போடுகிறார். அவன் ஓடிவிடுகிறான். கிட்டி தட்டுத்தடுமாறிக் கட்டடத்தின் பின்பக்க வாசலுக்குப் போய் உள்ளே விழுகிறார். சற்று நேரம் கழித்து அவன் திரும்பி வந்து, தேடிக் கண்டுபிடித்து, மறுபடியும் குத்துகிறான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே கிட்டி இறந்துபோனார்.

இரண்டு வாரம் கழித்து, மார்ச் 27 அன்று, நியூயார்க் டைம்ஸ் இதை முதல் பக்கத்தில் போட்டது. அக்கம்பக்கத்தில் 38 பேர் அரைமணி நேரத்துக்கும் மேலாகக் கொலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், தாக்குதல் நடந்தபோது ஒருவர்கூடப் போலீசுக்குப் போன் செய்யவில்லை என்றது செய்தி. ஊரே கூனிக்குறுகியது. நகரத்து மனிதர்களுக்கு இதயமே இல்லாமல் போய்விட்டது என்று பேச்சாளர்களும் போதகர்களும் தலையங்கக்காரர்களும் சொன்னார்கள். செய்தியின் பின்னணியில் இருந்த ஆசிரியர் ரோசெந்தால் அதே ஆண்டில் அதைப் புத்தகமாகவும் எழுதினார். 38 என்ற அந்த எண் அங்கிருந்து உளவியல் பாடப்புத்தகங்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பல தலைமுறை மாணவர்கள் அதைப் படித்துத் தேர்வு எழுதிவிட்டார்கள்.

ஆனால் நடந்தது அப்படியில்லை. 2007-இல் ரேச்சல் மானிங், மார்க் லெவைன், ஆலன் காலின்ஸ் என்ற மூன்று பிரிட்டிஷ் உளவியலாளர்கள் வழக்கு ஆவணங்களை வைத்துக்கொண்டு பாடப்புத்தகக் கதையைச் சோதித்துப் பார்த்தார்கள். கண்ணால் பார்த்த 38 பேர் என்று ஒரு கூட்டமே அங்கு இல்லை. பலர் கேட்டது ஒரு அலறல், அவ்வளவுதான். மார்ச் மாதக் குளிர், ஜன்னல்கள் சாத்தியிருந்தன. எழுந்து எட்டிப் பார்த்தவர்களில் சிலருக்குத் தெரிந்தது, ஒரு பெண் தள்ளாடி நடந்துபோகிற காட்சி மட்டும்தான். இரண்டாவது தாக்குதல் கட்டடத்தின் பின்பக்கம், உள்ளே நடந்தது. ஜன்னலில் நின்றவர்களால் அதைப் பார்த்திருக்கவே முடியாது. சிலர் தாங்கள் போலீசுக்குத் தகவல் சொன்னதாகப் பின்னாளில் கூறினார்கள். போலீஸ் பதிவில் அது இல்லை. அவசரத்துக்கு அழுத்த 911 என்ற எண் அன்றைக்கு நியூயார்க்கில் கிடையாது, அது 1968-இல்தான் வந்தது.

கதையில் விட்டுப்போன ஒருவர் இருக்கிறார். சோஃபியா ஃபரார் என்ற பக்கத்து வீட்டுப் பெண்மணி. விஷயம் தெரிந்ததும், கொலைகாரன் போய்விட்டானா இன்னும் அங்கேயே இருக்கிறானா என்றுகூடத் தெரியாமல் அந்த வாசலுக்கு ஓடினார். கிட்டியைத் தன் கைகளில் தாங்கிக்கொண்டார். கிட்டி தனியாகச் சாகவில்லை. மோஸ்லி பிடிபட்டதும் அக்கம்பக்கத்தாரால்தான். ஒரு வாரத்துக்குள் அவன் வேறொரு வீட்டிலிருந்து டெலிவிஷன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, சந்தேகப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர்களில் ஒருவர் போலீசுக்குப் போன் செய்தார், இன்னொருவர் அவனுடைய கார் கிளம்பாதபடி செய்துவைத்தார். 2016-இல் மோஸ்லி சிறையில் இறந்தபோது, 1964-இல் தான் வெளியிட்ட செய்தி பிழையானது, மிகைப்படுத்தப்பட்டது என்று நியூயார்க் டைம்ஸே எழுதியது.

இதைச் சொல்வதால் அன்றைக்கு எல்லோரும் உத்தமர்களாக நடந்துகொண்டார்கள் என்று ஆகிவிடாது. ஒருவர் கதவைத் திறந்து, குத்துவதைப் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டார். போலீசைக் கூப்பிடுமுன் நண்பர் ஒருவருக்குப் போன் செய்து என்ன செய்யலாம் என்று கேட்டார். இன்னொருவர் முதல் தாக்குதலைப் பார்த்தும் பேசாமல் இருந்துவிட்டார். அது தவறுதான், அதைக் கழுவிவிட வேண்டிய அவசியம் நமக்கில்லை. ஆனால் ஓரிருவர் செய்த தவறும் 38 பேர் கூடி வேடிக்கை பார்த்தார்கள் என்பதும் ஒன்றாகாது.

அறிவியலில் சில சமயம் தவறான செய்தி நல்ல கேள்வியைக் கிளப்பிவிடும். நியூயார்க்கில் வேலை பார்த்த ஜான் டார்லி, பிப் லடானே என்ற இரண்டு இளம் பேராசிரியர்கள் இந்தச் செய்தியைப் படித்தார்கள். ஊரெல்லாம் “இத்தனை பேர் இருந்துமா உதவவில்லை?” என்று கேட்டது. அவர்கள் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள்: இத்தனை பேர் இருந்ததால்தான் உதவவில்லையோ?

சோதித்துப் பார்க்க ஒரு வழி செய்தார்கள். கல்லூரி மாணவர் ஒருவரைக் கூப்பிட்டு, தனி அறையில் உட்காரவைத்து, ஹெட்போனும் மைக்கும் கொடுத்தார்கள். கல்லூரி வாழ்க்கையின் சிரமங்களைப் பற்றி மற்ற மாணவர்களோடு பேச வேண்டும், முகம் பார்த்தால் கூச்சமாக இருக்கும் என்பதால் இந்த ஏற்பாடு என்றார்கள். உண்மையில் மற்ற குரல்கள் எல்லாம் முன்பே பதிவு செய்த ஒலிநாடாக்கள். அதில் ஒரு குரல் தனக்கு வலிப்பு வரும் என்று தயங்கிச் சொல்கிறது. சற்று நேரத்தில் அந்தக் குரல் குழறுகிறது, திணறுகிறது, உதவி கேட்கிறது, அடங்கிப்போகிறது. இப்போது ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே ஓடுவாரா இந்த மாணவர்?

தன்னையும் வலிப்பு வந்தவரையும் தவிர வேறு யாரும் இல்லை என்று நம்பியவர்களில், வலிப்பு அடங்குவதற்குள் எழுந்து உதவி தேடியவர்கள் 85 சதவீதம். இன்னும் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நம்பியபோது அது 62 ஆகக் குறைந்தது. மேலும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியபோது வெறும் 31. 1968-இல் வெளியான இந்த முடிவைத்தான் ‘பைஸ்டாண்டர் எஃபெக்ட்’ என்கிறார்கள். தமிழில் பார்வையாளர் விளைவு எனலாம். பக்கத்தில் ஆள் இருக்க இருக்க, ஒவ்வொருவரும் எழுந்து ஓடுகிற வாய்ப்பு குறைகிறது.

ஏன் குறைகிறது? இதற்கு அவர்கள் வைத்த பெயர் பொறுப்புப் பரவல். பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர விஷயம் நமக்குப் பழக்கமானதுதான். கல்யாண வீட்டை நினைத்துக்கொள்வோம். வெளியூரிலிருந்து பெரியப்பா வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவரைக் கடந்து இருபது பேர் போகிறார்கள், வருகிறார்கள். அவருக்குக் காபி கொடுத்தாச்சா என்று கேட்டால், ஒவ்வொருவரும் யாரோ கொடுத்திருப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். பாவம், அவர் ஒரு மணி நேரமாகத் தண்ணீர்கூட இல்லாமல் இருப்பார். அதே பெரியப்பா, சின்னம்மா மட்டும் இருக்கிற வீட்டுக்குப் போயிருந்தால் செருப்பைக் கழற்றுமுன் சொம்பு வந்திருக்கும். கல்யாண வீட்டில் யாருக்கும் அவர்மேல் பாசம் இல்லாமல் இல்லை. பாசம் இருபது பேரிடமும் இருந்தது, பொறுப்பு மட்டும் யாரிடமும் வந்து தங்கவில்லை.

எல்லோரும் வழக்கமாகத் தடுக்கி விழுகிற இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். உதவி செய்யாதவரைப் பார்த்ததும், அவருக்கு அக்கறை இல்லை என்று முடிவுகட்டுகிறோம். டார்லியும் லடானேயும் அப்படித்தான் இருக்குமோ என்று அந்த அறைகளுக்குள் போய்ப் பார்த்தார்கள். எழுந்து வராத மாணவர்கள் ஹாயாக உட்கார்ந்திருக்கவில்லை. கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. உள்ளங்கை வியர்த்திருந்தது. ஆய்வாளர் உள்ளே நுழைந்ததும் பலர் முதலில் கேட்டது, வலிப்பு வந்தவர் எப்படி இருக்கிறார், அவரை யாராவது கவனித்தார்களா என்பதைத்தான். பார்ப்பதற்கு, எழுந்து உதவி தேடியவர்களைவிட இவர்கள்தான் அதிகம் கலங்கிப்போயிருந்தார்கள். உதவ வேண்டாம் என்று அவர்கள் முடிவெடுக்கவில்லை. போகலாமா வேண்டாமா என்ற இழுபறியிலேயே நேரம் கடந்துவிட்டது.

மேலும் ஒரு விஷயம். மற்றவர்கள் இருந்தது உங்களைப் பாதித்ததா என்று அவர்களிடம் சுற்றிவளைத்தும் கேட்டார்கள், நேராகவும் கேட்டார்கள். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. தங்களுக்குள் அது நடந்தது அவர்களுக்கே தெரியவில்லை. நாமும் கூட்டத்தில் நிற்கும்போது நம்மை அப்படி ஒன்று பிடித்து நிறுத்துகிறது என்று நமக்குத் தெரியாது. “நானா இருந்தா போயிருப்பேன்” என்று நாம் உறுதியாகச் சொல்வது அதனால்தான்.

இனி ஒரு சின்னக் கணக்கு. பேனா வேண்டாம், சேர்ந்தே போட்டுவிடலாம். கூட்டமாக இருந்தால் ஒவ்வொருவரும் உதவுகிற வாய்ப்பு 31 சதவீதம்தான் என்று பார்த்தோம். ஆனால் அங்கே இருப்பதாகச் சொல்லப்பட்டது ஐந்து பேர். விழுந்து கிடப்பவருக்கு ஐவரும் ஓடிவர வேண்டிய தேவை இல்லை, ஒருவர் வந்தால் போதும். ஒவ்வொருவரும் வராமல் போகிற வாய்ப்பு 69 சதவீதம். ஐந்து பேருமே வராமல் போக வேண்டுமானால் 0.69-ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும். கிட்டத்தட்ட 0.16 வரும். அதாவது யாராவது ஒருவர் வந்துவிடுகிற வாய்ப்பு 84 சதவீதம். தனியாக இருந்தவருக்கு 85. இரண்டும் ஏறக்குறைய ஒன்று!

புகழ்பெற்ற இந்த ஆய்வை எத்தனையோ பேர் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கணக்கைச் சொல்கிறவர்கள் குறைவு. பொறுப்பு பலருக்குப் பரவுவதால் தனி மனிதரின் வேகம் குறைகிறது, உண்மைதான். ஆனால் தலைகள் கூடுவதால் அந்தக் குறை ஈடாகிவிடுகிறது. அப்படியென்றால் கூட்டம் என்பதே அடிபட்டவருக்குக் கெடுதல் என்று சொல்ல முடியாது. கெடுதல் வேறெங்கோ இருந்து வருகிறது. அதைத் தேட, அந்த மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் தனித்தனி அறையில் இருந்தார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இன்னொரு சோதனைக்குப் போவோம்.

அதே 1968-இல் லடானேயும் டார்லியும் வெளியிட்டதுதான் இதுவும். மாணவர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து படிவம் நிரப்புகிறார்கள். சுவரிலிருக்கும் காற்றுத் துவாரம் வழியாகப் புகை மெல்ல மெல்ல உள்ளே வருகிறது. தனியாக இருந்த 24 பேரில் 18 பேர் எழுந்துபோய்த் தகவல் சொன்னார்கள். இன்னொரு ஏற்பாட்டில், மாணவரோடு இரண்டு பேரை உட்காரவைத்தார்கள். அந்த இருவரும் ஆய்வாளர்களின் ஆட்கள். புகையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கி, மறுபடி எழுதத் தொடங்கிவிட வேண்டும், அதுதான் அவர்கள் வேலை. அப்படி இருந்த 10 பேரில் எழுந்து போனவர் ஒரே ஒருவர். மற்ற ஒன்பது பேரும் இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், கையால் புகையை விசிறினார்கள், ஜன்னலைத் திறந்தார்கள், படிவத்தை நிரப்பிக்கொண்டே இருந்தார்கள்.

மூன்றாவது ஏற்பாடுதான் நமக்கு முக்கியம். அதில் நடிப்பவர் யாரும் இல்லை, மூன்று பேருமே ஒன்றும் தெரியாத மாணவர்கள். தனி ஆளே 75 சதவீதம் எழுந்து போகிறார் என்றால், மூன்று பேர் இருக்கும் அறையில் யாராவது ஒருவர் நிச்சயம் போக வேண்டும் அல்லவா? எட்டுக் குழுக்களில் மூன்றில்தான் யாராவது எழுந்து போனார்கள். நாம் மேலே போட்ட கணக்கு இங்கே உடைந்துபோகிறது. இந்த முறை கூட்டம் நிஜமாகவே கெடுதல் செய்துவிட்டது.

என்ன வித்தியாசம்? இங்கே அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகையா, நீராவியா, ஏசியில் ஏதாவது கோளாறா என்று தெரியவில்லை. தெரியாதபோது நாம் என்ன செய்வோம்? பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்போம். பதறிப்போய் நாலு பேர் முன்னால் அசடு வழியக் கூடாது என்பதால் நம் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டுதான் பார்ப்போம். பக்கத்தில் இருப்பவரும் அதையே செய்கிறார். என் சாதாரண முகத்தைப் பார்த்து அவர் ஒன்றுமில்லை என்று நினைக்கிறார், அவர் முகத்தைப் பார்த்து நான் நினைக்கிறேன். உள்ளுக்குள் மூவருக்கும் பயம். வெளியே மூன்று அமைதியான முகங்கள். ஒவ்வொருவரும் மற்ற இருவருக்கும் விஷயம் தெரியும் என்று நம்புகிறார்கள். உளவியலாளர்கள் இதைக் கூட்டு அறியாமை என்கிறார்கள்.

ஆகவே ஆளை மடக்கிப்போடுவது தலைகளின் எண்ணிக்கை அல்ல, நடப்பது என்னவென்று தெரியாத குழப்பத்தில் எல்லோரும் வைத்துக்கொள்கிற அந்த முகம்தான். நடப்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. 1969-இல் வெளியான பிலியாவின் குழுவினரின் ஆய்வு அதைக் காட்டியது. கிட்டி இறந்த அதே நியூயார்க் நகரம், சுரங்க ரயில் பெட்டி. கைத்தடியோடு ஒருவர் எல்லோர் கண்முன்னாலும் சரிந்து விழுவார். இதை 65 முறை செய்து பார்த்தார்கள். 62 முறை, யாரும் தூண்டாமலே பயணிகள் எழுந்துவந்து தூக்கிவிட்டார்கள். பெட்டியில் கூட்டம் அதிகமானால் உதவி குறையும் என்று எதிர்பார்த்தார்கள், குறையவில்லை. விழுந்தவர் குடித்தவர்போல வாடையோடு, கையில் பாட்டிலோடு இருந்தபோது மட்டும் பாதித் தடவைதான் தானாக உதவி வந்தது. கல்நெஞ்ச நகரம் என்று பெயர் வாங்கிய ஊர் அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் பார்க்க வேண்டும்.

விழுவது சரி, அடிதடி நடக்கும்போது? நெடுங்காலம் இதை ஆராய முடியாமல் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் யாரையும் நிஜமாக அடிக்க முடியாது. தெருவெல்லாம் கண்காணிப்புக் கேமரா வந்த பிறகு வழி பிறந்தது. ஆம்ஸ்டர்டாம், இங்கிலாந்தின் லங்காஸ்டர், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஆகிய மூன்று ஊர்களின் கேமராக்களில் பதிவான 219 தெருச்சண்டைகளை ரிச்சர்ட் ஃபில்பாட்டும் சக ஆய்வாளர்களும் நொடி நொடியாகப் பார்த்தார்கள். 2019-இல் முடிவு வந்தது. பத்தில் ஒன்பது சண்டைகளில் சுற்றியிருந்தவர்களில் குறைந்தது ஒருவராவது நடுவில் புகுந்திருந்தார். பெரும்பாலும் ஒருவரோடு நிற்கவில்லை, பலர் வந்தார்கள். நடுவில் கையை நீட்டினார்கள், தோளைப் பிடித்து இழுத்தார்கள், அடிபட்டவரை ஓரமாக உட்காரவைத்தார்கள். ஆள் கூடக்கூட, யாராவது தலையிடுகிற வாய்ப்பும் கூடியது. வன்முறை அதிகமுள்ள ஊர் என்று பெயரெடுத்த கேப் டவுனுக்கும் அமைதியான லங்காஸ்டருக்கும் இதில் வித்தியாசமே இல்லை. இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட ஆறுதலை மறைக்க விரும்பவில்லை.

உதவி யாருக்குக் கிடைக்கிறது என்பதில் உறவுக்கும் பங்கு உண்டு. லங்காஸ்டரில் மார்க் லெவைன் குழுவினர் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து ரசிகர்களை வைத்து ஒன்று செய்து பார்த்தார்கள், 2005-இல் வெளியானது. ஓடிவந்த ஒருவர் அவர்கள் முன்னால் கால் பிசகி விழுகிறார். மான்செஸ்டர் யுனைடெட் சட்டை போட்டிருந்தால் கிட்டத்தட்ட எல்லோரும் உதவினார்கள். பரம எதிரியான லிவர்பூல் சட்டை என்றால் மூன்றில் ஒருவர்கூட உதவியது சிரமம். பிறகு ஒரு சிறு மாற்றம். இம்முறை தங்கள் அணியைப் பற்றி எழுதச் சொல்லாமல், கால்பந்து ரசிகராக இருப்பதன் மகிழ்ச்சியைப் பற்றி முதலில் எழுதச் சொன்னார்கள். அவ்வளவுதான், லிவர்பூல் சட்டைக்காரருக்கும் ஏறக்குறைய அதே அளவு உதவி கிடைத்தது. ‘நம்ம ஆள்’ என்ற வட்டம் எவ்வளவு எளிதில் விரிகிறது பாருங்கள். அதே எளிமையோடு சுருங்கவும் சுருங்கும் என்பதுதான் கவலை. எந்தச் சட்டையும் இல்லாமல் வெறுமனே விழுந்தவருக்கு அப்போதும் உதவி குறைவாகத்தான் இருந்தது.

ஆனால் உறவு உதவியைத் தடுக்கிற இடம் ஒன்று உண்டு. என் மனதில் மிகவும் தைத்தது இதுதான். 1976-இல் லேன்ஸ் ஷாட்லேண்ட், மார்கரெட் ஸ்ட்ரா என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு. ஓர் ஆண் ஒரு பெண்ணைத் தாக்குவதுபோல நடிக்கவைத்தார்கள். அந்தப் பெண் உன்னை யாரென்றே தெரியாது என்று கத்தியபோது, பார்த்தவர்களில் 65 சதவீதம் பேர் தலையிட்டார்கள். உன்னை ஏன்தான் கல்யாணம் பண்ணிக்கொண்டேனோ என்று கத்தியபோது 19 சதவீதம் பேர்தான். அடி ஒன்றுதான், அலறலும் ஒன்றுதான். நடுவில் ‘கல்யாணம்’ என்ற உறவு வந்ததும், ஆபத்து குறைவு, அவளுக்கு உதவி வேண்டியிருக்காது என்று பார்த்தவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். இன்னும் கொடுமை, இருவரும் யாரென்றே சொல்லாதபோதும் பலர் தாங்களாகவே கணவன் மனைவி, காதலர் என்று ஊகித்துக்கொண்டார்கள். கியூ கார்டன்ஸிலும் அந்த அலறலைக் கேட்ட சிலர், காதலர்களின் சண்டை என்று நினைத்துத்தான் மறுபடி படுத்தார்கள்.

இந்த இடத்தில் ஆய்வு நம் தெருவுக்கே வந்துவிடுகிறது. “புருஷன் பொண்டாட்டி விவகாரம், நாம ஏன் நடுவுல?” என்று சொல்லாத தெரு எது? பெண்களுக்கு நடக்கும் வன்முறையில் பெரும்பகுதி முன்பின் தெரியாதவரால் இருட்டில் நடப்பதல்ல, வீட்டுக்குள்ளேயே நடப்பது. அதாவது உதவி மிகவும் தேவைப்படுகிற இடத்தில்தான் நாம் மிகவும் ஒதுங்கி நிற்கிறோம். எதிர்வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொள்கிறார், அவரைப் பார்த்து நாமும் சாத்திக்கொள்கிறோம். மேல்வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார். புகை நிறைந்த அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களே, அதே கதைதான். நாம் சாத்திய கதவு, எல்லாம் சாதாரணம்தான் என்று அடுத்த வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகு என்ன செய்யலாம்? வீரதீரமாகக் கத்திக்காரனைப் போய்ப் பிடிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நோய் முகத்தில் இருக்கிறது என்றால் மருந்து வாயில் இருக்கிறது. விபத்தோ சண்டையோ, கூட்டத்தில் நிற்கும்போது மனதில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லுங்கள். “என்னாச்சு இவருக்கு? மயக்கமா? மூச்சு இருக்கா?” என்று ஒருவர் கேட்டுவிட்டால் போதும், கூட்டத்தின் குழப்பம் தீர்ந்துவிடும். அடுத்து வேலையைப் பெயர் சொல்லி, ஆளைக் காட்டிப் பிரித்துக்கொடுங்கள். “யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க” என்பது இருபது பேருக்கும் பொதுவாகப் போய் யாரிடமும் நிற்காது. “நீலச் சட்டை அண்ணே, நீங்க 108-க்குப் போன் போடுங்க. அக்கா, நீங்க தண்ணி பாட்டிலைக் கொடுங்க” என்றால் பொறுப்பு ஓர் ஆளிடம் போய்ச் சேரும். விழுந்து கிடப்பது நாமாகவே இருந்தாலும், பேச முடிந்தால், இதே வழிதான்.

போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டிவருமே என்ற தயக்கம் நம் ஊரில் நியாயமாகவே இருந்தது. விபத்தில் உதவுபவர்களைப் பாதுகாக்கும் வழிகாட்டுதல்களை 2016-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் பொருந்தும்படி ஆக்கியது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவே சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் சிவில் வழக்கோ குற்ற வழக்கோ போட முடியாது. பெயர், முகவரி சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் கூடாது.

வீட்டுக்குள் நடக்கும் அடிக்கும் இப்படி ஒரு பாதுகாப்பு உண்டு, அது பலருக்குத் தெரியாது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் நான்காம் பிரிவின்படி, பக்கத்து வீட்டுக்காரர் உட்பட யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் எந்த வழக்கும் வராது. பெண்களுக்கான உதவி எண் 181, அவசரத்துக்கு 112.

போன் செய்யுமுன் இன்னொன்றும் செய்யலாம். 2008-இல் பிரேக்த்ரூ என்ற அமைப்பு ‘பெல் பஜாவோ’ என்று ஒரு பிரசாரம் நடத்தியது. அந்த விளம்பரங்களில் பக்கத்து வீட்டிலிருந்து அடிக்கிற சத்தம் கேட்கும். கேட்டவர் போய் அழைப்பு மணியை அழுத்தி, ஏதாவது ஒரு சாக்குச் சொல்வார், அவ்வளவுதான். அடிக்கிற கை அந்த நொடியில் நின்றுவிடும், வெளியே ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். தனியாகப் போகப் பயமாக இருந்தால் எதிர்வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக்கொண்டு போங்கள். அவரும் உங்கள் கதவு திறக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த முறை அந்தச் சத்தம் கேட்டால், தயவுசெய்து மணியை அழுத்துங்கள்.